ஏழாம் நம்பருக்கு ஒன்பதாம் இடம்

"தம்பி, உங்க கையில பெட்ரோல் வாடை வருது."

டைரக்டர் இதைச் சொன்னபோது கொழுந்தன் அவர் மேஜைக்கு நன்றாகத் தள்ளி, கதவோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். வழியில் வண்டி மக்கர் பண்ணி, பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதி, பிறகு குழாயடியில் இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான். இப்போது கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். அவனுக்கு ஒன்றுமே வரவில்லை.

"சார் மூக்கு போலீஸ்ல இருக்க வேண்டிய மூக்கு," என்றான்.

பக்கத்தில் அண்ணி சிரிக்கவில்லை. அண்ணி சிரித்து அவன் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊருக்கு அவர் வக்கீலம்மா. கோர்ட்டில் அடுத்தவர் பொய்யைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, பொய்யைத் தேடிப் போகும் தொழிலுக்கு வந்துவிட்டவர். வேலை வெட்டி இல்லாத தம்பியை "உன் கூடவே வெச்சுக்கோ" என்று அண்ணன் மனைவியின் தலையில் கட்டிவிட்டதால் கொழுந்தனுக்கு அவரிடம் உத்தியோகம். வண்டி ஓட்டுவான், கதவு தட்டுவான், வாயை மூடாமல் இருப்பான். மூன்றாவது வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

"விஷயத்துக்கு வரேன் மேடம்," என்றார் டைரக்டர். "இது ரசாயனப் பாதுகாப்பு அலுவலகம். இந்த ஊர் ஃபேக்டரிங்க எல்லாம் சேர்ந்து பதினேழு ரசாயனம் உபயோகிக்கிறாங்க. பேர் சொன்னா வாய்ல நுழையாது, அதனால நம்பர் போட்டிருக்கோம். எது ரொம்ப ஆபத்து, எது கம்மின்னு வரிசைப்படுத்தணும். முதல் மூணு இடத்துல வர்றதுக்குத் தடை. இன்னிக்கு நாலு மணிக்கு வாரியக் கூட்டம்."

"அதுல என்ன சிக்கல்?"

"முதல்ல போட்ட வரிசையில ஏழாம் நம்பர் முதல் இடத்துல இருந்தது. இப்ப இன்னும் கவனமாப் பார்த்ததுல ஒன்பதாவது இடத்துக்கு வந்திருக்கு. இதுதான் சரி. ஆனா வரிசை போடுற அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க."

"ஏனாம்?"

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஏழாம் நம்பர் பெயிண்ட் ஃபேக்டரியில உபயோகம் ஆகுது. அந்தம்மா வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்குறார். அவருக்குக் கை நடுங்குதாம். அதுக்கு ஏழாம் நம்பர்தான் காரணம்னு இவங்களே தீர்ப்பு சொல்லிட்டாங்க. அந்த ஆத்திரத்துல அதை முதல் இடத்துக்கு ஏத்திட்டாங்க. வெளி ஆள் ஒருத்தர் விசாரிச்சுச் சொல்லணும்னு வாரியம் கேக்குது. நீங்க அதை நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும். அவங்களை வேலையை விட்டு அனுப்பிட்டு நானே கையெழுத்துப் போட்டுடுவேன்."

"நிரூபிக்கணுமா, கண்டுபிடிக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"கோர்ட்டுல ரெண்டும் வேற," என்றார் அண்ணி.

டைரக்டரின் செல்போன் அலறியது. அவர் பாதி திரும்பிக்கொண்டு, "சொல்லுங்க சம்பந்தி... ஆமா, ஆமா, நாலு மணிக்கு முடிஞ்சிடும். கவலையே படாதீங்க, நான் இருக்கேன்ல," என்று வைத்துவிட்டார்.

"வீட்டுல கல்யாணமா சார்?" என்றான் கொழுந்தன்.

"பொண்ணுக்கு. அடுத்த மாசம்."

"வண்டி ஓட்டிட்டு வர்றவனுக்கும் பத்திரிகை உண்டா?"

அண்ணி அவன் காலை மிதித்தார்.

*

சோதனைக்கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடத்தில் இருந்தது. டைரக்டரே முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தார். மூன்று பேரும் உள்ளே நுழைந்தார்கள்.

நுழைந்த மாத்திரத்தில் கொழுந்தனின் மூக்கு விரிந்தது. கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு. மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க, பழம் வெட்டினீங்களா? எங்களுக்கு ஒரு துண்டு கிடையாதா?"

மேஜைகளுக்கு நடுவே நின்றிருந்த வழுக்கைத் தலை மனிதர் நிமிர்ந்து பார்த்தார். அளவெடுக்கும் வேலை அவருடையது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'லேப்காரர்'. "பழமா? இங்க தண்ணி குடிக்கவே கூடாது தம்பி. எனக்கு ஒரு வாடையும் வரலையே."

"எனக்கும் வரலை," என்றார் டைரக்டர் உள்ளே இரண்டடி வைத்து, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு. "உங்க பெட்ரோல் கையை முதல்ல கழுவுங்க தம்பி. சரி மேடம், கூட்டத்துக்கு வேலை இருக்கு. நீங்க பாருங்க."

அவர் போனதும் அறையின் கோடியிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். தூங்கி நாளான கண்கள். "என்னை விசாரிக்க வந்தவங்க நீங்கதானா?" என்றார். இவர்தான் டைரக்டர் சொன்ன அம்மா. கணக்கம்மா என்றால்தான் அங்கே தெரியும்.

அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை. அதில் நம்பர் போட்ட வட்டக் காந்தங்கள். மேலே சில, கீழே சில, அவற்றை இணைத்து நீலக் கோடுகள். பதினாறு காந்தங்கள் கோடுகளில் தொங்கின. ஒன்று மட்டும் மூலையில், கோடே இல்லாமல், தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு.

"இவரை ஏன் ஒதுக்கி வெச்சிருக்கீங்க?" என்றான் கொழுந்தன். "குடும்பத்துல சண்டையா?"

கணக்கம்மா அவனைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். இந்த ஆளிடம் சொல்லிப் பயனுண்டா என்று கேட்கும் பார்வை.

"சொல்லுங்க," என்றார் அண்ணி. "இவனுக்குப் புரியற மாதிரி சொன்னா எனக்கும் புரியும்."

"ஒரு ரசாயனம் எல்லா அளவுகோல்லயும் இன்னொண்ணை விட மோசமா இருந்தா, அதை மேல வெச்சு ஒரு கோடு போடுவேன். எவ்வளவு விஷம், எவ்வளவு நாள் அழியாம இருக்கும், உடம்புல எவ்வளவு சேரும், காத்துல எவ்வளவு கலக்கும்னு நாலு அளவுகோல். ஒண்ணுல இது மோசம், இன்னொண்ணுல அது மோசம்னா கோடு கிடையாது. எது பெரிசுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"புரியுது," என்றான் கொழுந்தன். "எங்க அண்ணன் வயசுலயும் என்னை விடப் பெரியவன், உயரத்துலயும் பெரியவன். அவன் மேல, நான் கீழ, கோடு. அண்ணி வயசுல என்னை விடப் பெரியவங்க. உயரத்துல என் தோள் வரைக்கும்தான். எங்களுக்குள்ள கோடு கிடையாது."

"கை நீளம்னு ஒரு அளவுகோல் இருக்கு, அதைக் காட்டட்டுமா?" என்றார் அண்ணி.

கணக்கம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அதேதான். அப்புறம் இந்தக் கோடுங்களை மீறாம எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வெக்கணும். எத்தனை விதமா நிக்க வெக்க முடியுமோ அத்தனை விதமும் பாக்கணும். ஒவ்வொருத்தருக்கும் அத்தனை வரிசையிலயும் சராசரியா எந்த இடம் வருதுன்னு பார்த்தா, அதுதான் அவங்க இடம். எந்த அளவுகோலுக்கும் சலுகை கிடையாது. எனக்குப் பிடிச்சதைத் தூக்கிக் காட்ட முடியாது. அதுக்காகவே இந்த முறையை இங்க நான் கொண்டு வந்தேன்."

ஒவ்வொரு காந்தத்தின் கீழும் சின்னதாக ஓர் எண் எழுதியிருந்தது. அண்ணி பலகையை ஒட்டிப் போய் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று புள்ளி நாலு. பதினொன்று புள்ளி ஆறு. ஐந்து புள்ளி எட்டு. கடைசியில் மூலைக்கு வந்து நின்றார்.

"எல்லாருக்கும் புள்ளி வெச்சு வருது. ஏழுக்கு மட்டும் முழு ஒன்பது. ஏன்?"

கணக்கம்மா சட்டென்று நிமிர்ந்தார். "இதை இதுவரைக்கும் யாருமே கேக்கலை."

"பதினேழுக்கு நட்ட நடு ஒன்பது," என்றார் அண்ணி. "இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. கோடே இல்லாதவன் வரிசையில எங்க வேணா நிக்கலாம். முதல்லயும் நிப்பான், கடைசியிலயும் நிப்பான். சராசரி பார்த்தா நடுவுலதான் வருவான். சரியா?"

"சரி."

"அப்ப ஒன்பதாவது இடம்னா, ஏழாம் நம்பர் பாதி ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. அதை யாரோடயும் ஒப்பிட முடியலைன்னு அர்த்தம்."

"நானும் இதைத்தான் டைரக்டர்கிட்ட கத்திக் கத்திச் சொன்னேன். முறை உங்களோடது, நம்பர் எல்லாம் நிஜம், அப்புறம் என்னங்கறார்."

"முதல்ல கோடு இருந்துதா?"

"பதினாலு பேர் அதுக்குக் கீழ இருந்தாங்க. சராசரி இடம் ஒண்ணு புள்ளி ஒண்ணு. அப்புறம் அஞ்சாவதா ஒரு அளவுகோல் வந்தது. வாடை. நாத்தம் தாங்கலைன்னு ஜனங்க புகார் பண்றாங்க, சேருங்கன்னு டைரக்டர் சொன்னார். நியாயம்தானேன்னு சேர்த்தேன். ஒவ்வொண்ணையும் மோந்து பார்த்து அஞ்சுக்கு இவ்வளவுன்னு மார்க். பதினாறுக்கும் ஏதோ ஒரு மார்க் வந்தது. ஏழுக்கு மட்டும் சுத்த பூஜ்யம். மத்த நாலுலயும் பெரிய ஆளு, வாடையில எல்லாரையும் விடச் சின்ன ஆளு. ஒரே நாள்ல எல்லாக் கோடும் அறுந்துடுச்சு."

"யார் மோந்து பார்த்தது?"

கணக்கம்மா கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகினார்.

"மூணு பேர். லேப்காரர், ஸ்டோர்ல பாட்டில் எடுத்துக் கொடுக்கறவர்..." பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் நான்."

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுத்தான். "அண்ணி, ஏத்தினதும் அவங்களாம், இறக்கினதும் அவங்களாம். லிஃப்ட் ஓட்டுறாங்களா? புருஷன் வேலை போயிடுமேன்னு பூஜ்யம் போட்டிருப்பாங்க. இப்ப கையெழுத்துப் போட மாட்டேன்னு நாடகம் ஆடுறாங்க. எனக்கு முழுச் சந்தேகம்."

"எனக்கும்தான்," என்றார் அண்ணி. "ஆனா யார் மேலன்னு இன்னும் முடிவு பண்ணலை. போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கொஞ்ச நேரம் மரத்தடியில நின்னுட்டு வா."

"இப்பவா?"

"இப்பவே. நீ பக்கத்துல இருந்தா யோசிக்க முடியலை."

*

முற்றத்துக் குழாயடியில் கையை நுரை பொங்கக் கழுவிக்கொண்டே கொழுந்தன் பொருமினான். கணக்கம்மாவை அவனுக்குப் பிடித்திருந்தது, அதுதான் தொந்தரவு. பிடித்தவர்கள்மேல் சந்தேகம் வந்தால் அவனுக்குப் பசி எடுக்காது. மரத்தடியில் நின்று வாட்ச்மேனிடம் டைரக்டரைப் பற்றி வாயைக் கிளறிப் பார்த்தான். அவர் பிடி கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து சோதனைக்கூடக் கதவைத் தள்ளினான்.

குப்பென்று அடித்தது.

"அண்ணி! நான் இல்லாத நேரமாப் பார்த்து மறுபடியும் பழம் வெட்டிட்டீங்க!"

லேப்காரர் சலித்துக்கொண்டார். "என்ன தம்பி, வந்ததுலேர்ந்து பழம் பழம்னு..."

அண்ணி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த அமைதியைக் கொழுந்தன் அறிவான். யாரோ ஒருவருக்கு இன்றைக்குக் கெட்ட நேரம்.

"இப்ப வாடை வருதா உனக்கு?"

"மூக்கைப் பிடுங்குது."

"எனக்கு வரலை. முதல்ல உள்ள வந்தப்ப எனக்கும் வந்தது, நீ முந்திக்கிட்டுச் சொல்லிட்ட. அப்புறம் எப்ப நின்னுதுன்னே தெரியலை." விறுவிறுவென்று வெளியே போனார். சற்று நேரம் பொறுத்து உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று தலையசைத்தார். "வருது."

"எங்களுக்கு வரலையே," என்றார் லேப்காரர், கணக்கம்மாவைப் பார்த்து. கணக்கம்மாவும் இல்லை என்று தலையாட்டினார்.

"ஏழாம் நம்பர் எந்தக் குடுவை?"

லேப்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். அண்ணி அதில் கொஞ்சம் பஞ்சை நனைக்கச் சொல்லி, மூடி போட்ட ஜாடியில் வைத்து எடுத்துக்கொண்டு எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துப் போனார். நல்ல காற்றில் மூடியைத் திறந்து கொழுந்தனின் மூக்கருகே நீட்டினார்.

"இதுதான்," என்றான். அவனுடைய குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "இந்தப் பழம்தான்."

லேப்காரர் வாங்கி மோந்தார். மறுபடியும் மோந்தார். உதட்டைப் பிதுக்கினார். கணக்கம்மா ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து நீண்ட மூச்சாக இழுத்தார். வெறும் தண்ணீரை மோந்தவர் போல நிமிர்ந்தார்.

"இவன் பெட்ரோல் கை இவனுக்கே வாடை அடிக்கலை, பார்த்தியா?" என்று தனக்குத்தானே பேசுவதுபோல் ஆரம்பித்த அண்ணி, அவர்கள் பக்கம் திரும்பினார். "நாள் முழுக்க ஒரு வாடையோடயே இருந்தா மூக்கு அதைக் கை கழுவிடும். லேப்காரரே, எத்தனை காலமா ஏழாம் நம்பரை அளக்கறீங்க?"

"அது முதல் இடத்துல இருந்ததால இந்த வருஷம் பூரா அதுதானுங்க. ஸ்டோர்காரரும் தினம் அதைத்தான் எடுத்துக் கொடுக்கறார்."

"மோந்து பாக்க உங்க மூணு பேரை யார் பொறுக்கினது?"

"டைரக்டர்தான். வாடைச் சோதனை இங்க இதுதான் முதல் தடவை. தினமும் புழங்கறவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும், இந்த ரூம்லயே முடிச்சிடுங்கன்னார்."

"தெரியாம சொல்லியிருக்கலாமே அண்ணி?" என்றான் கொழுந்தன். "அவரும் வாடை வரலைன்னுதானே சொன்னார்?"

அண்ணி அவன் கழுவிய கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "நீ சில நேரம் ரொம்ப உபயோகமானவன்டா," என்றார். கொழுந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கை அன்றைக்குக் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தது.

கணக்கம்மா மட்டும் ஜாடியை விடாமல் நின்றிருந்தார். "பூஜ்யம்னு நான் நிஜமாத்தான் போட்டேன்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஆனா எனக்கு எப்படி? நான் அளக்கறது இல்லையே. அந்தக் கோடியில உக்காந்து கோடு போடறவதானே?"

அண்ணி ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கி மூடி போட்டார்.

*

நாலு மணிக் கூட்டத்துக்கு வாரியத் தலைவி, நரைத்த தலையும் கனத்த கண்ணாடியுமாக ஒரு டாக்டர், சரியாக வந்துவிட்டார். கூடவே உறுப்பினர்கள் நாலைந்து பேர். மாடியில் ஜன்னல் எல்லாம் திறந்த அறை. டைரக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது, அண்ணி மேஜைமேல் மூடி போட்ட மூன்று ஜாடிகளை வைத்தார்.

"என் அறிக்கை சின்னதும்மா. இதை மோந்து பார்த்துட்டா முடிஞ்சுது. ரெண்டுல தண்ணி. ஒண்ணுல ஏழாம் நம்பர்."

தலைவி முதல் ஜாடியைத் திறந்து மோந்துவிட்டுக் கீழே வைத்தார். இரண்டாவதைத் திறந்ததும் முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். "இது. அழுகின பழம் மாதிரி." ஜாடி மேஜையைச் சுற்றி வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கைச் சுளித்தார்கள். கடைசியில் அது டைரக்டர் முன்னால் வந்து நின்றது.

"நீங்களும் சொல்லுங்க சார்," என்றார் அண்ணி.

டைரக்டரின் கை ஜாடி வரை போய் நின்றது. வாடை வருகிறது என்றால் பூஜ்யம் பொய், ஒன்பதாம் இடம் போச்சு. வரவில்லை என்றால் மேஜையைச் சுற்றி இத்தனை மூக்குகள் சாட்சி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு... ரெண்டு நாளா ஜலதோஷம் மேடம்."

அந்த ஒரு வார்த்தையில் கொழுந்தனுக்குக் காலையிலிருந்து நடந்தது மொத்தமும் வெளிச்சமானது.

"ஜலதோஷமா சார்?" என்று எழுந்தே விட்டான். "கதவுகிட்ட உக்காந்திருந்தேன். ரெண்டு தடவை கழுவின கை. என் மூக்குக்கே வராத பெட்ரோல் வாடை உங்களுக்கு வந்துதே! போலீஸ் மூக்குன்னு நான்தானே சர்டிபிகேட் கொடுத்தேன்!"

"உட்காரு," என்றார் அண்ணி. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எண்ணி வைத்த நாட்களோடு இதுவும் ஒன்று சேர்ந்தது. "அம்மா, சோதனைக்கூடத்துல இருக்கறவங்களுக்கு அந்த வாடை வரலைங்கறது நிஜம். அவங்க மூக்கு அதுக்குப் பழகிப்போச்சு. ஆனா இவர் எங்களோட வெளிக் காத்துலேர்ந்து உள்ள வந்தவர். எங்க ரெண்டு பேருக்கும் வந்தது. இவ்வளவு கூர்மையான மூக்குக்கு மட்டும் வரலையாம். அது பொய். அந்த வாடைக்குப் பழகினவங்களாப் பார்த்துப் பொறுக்கினவரும் இவர்தான். ஒரு நம்பரைக்கூட மாத்தலை. சரியான மூணு பேரைத் தப்பான வேலைக்கு உக்கார வெச்சார், அவ்வளவுதான்."

"அனுமானம்!" என்றார் டைரக்டர். "நான் எதுக்காக அப்படிச் செய்யணும்?"

"நாலு மணிக்கு முடிஞ்சிடும்னு காலையில உங்க சம்பந்திக்கு ஆறுதல் சொன்னீங்களே. இந்தக் கூட்டத்து மேல அவருக்கு என்ன அக்கறை? யார் சார் அவர்?"

டைரக்டர் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார். கதவருகே நின்ற லேப்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெயிண்ட் ஃபேக்டரி முதலாளிங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கணக்கம்மா, அந்த வாடை அளவுகோலையே தூக்கிடுங்க. பழைய வரிசைக்கே போயிடலாம்."

கணக்கம்மா எழுந்தார். "முடியாதும்மா."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜெயித்த பந்தயத்தை இந்தம்மா ஏன் கெடுக்கிறார்?

"எனக்குப் பிடிக்காத அளவுகோலை நான் தூக்கினா, ஆத்திரத்துல செய்யறேன்னு அவர் சொன்னது நிஜமாயிடும். வாடை இருக்கட்டும். வேற மூக்கு கொடுங்க, போதும்."

ஊரில் வேறு வேறு இடத்திலிருந்து வந்திருந்த உறுப்பினர்கள் அங்கேயே வேலையில் உட்கார்ந்தார்கள். பதினேழு ஜாடிகள் முற்றத்துக்கு வந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஓய்வு கொடுத்து, பொறுமையாக மார்க் போட்டார்கள். ஏழாம் நம்பருக்கு ஐந்துக்கு மூன்று. கணக்கம்மா சோதனைக்கூடத்துக்குப் போய்ப் பலகையில் கோடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். பழைய பதினாலும் வரவில்லை, பதினொன்றுதான் வந்தன. காந்தம் மூலையிலிருந்து மேல் வரிசைக்குப் போனது.

"ஒண்ணு புள்ளி நாலு," என்றார் கணக்கம்மா. "முதல் இடம்." கையெழுத்துப் போட்டார்.

டைரக்டர் எப்போது அறையை விட்டுப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவரைப் பற்றி வாரியம் தனியாக விசாரிக்கும் என்று தலைவி சொல்லிவிட்டுப் போனார்.

*

வெளியே கேட்டருகே ஒருவர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட சட்டை, கழுத்து வரை பொத்தான். கைப்பிடியில் இருந்த விரல்கள் தாமாகவே தந்தி அடித்துக்கொண்டிருந்தன.

"எங்க வீட்டுக்காரர்," என்றார் கணக்கம்மா. "ஷிப்டு முடிஞ்சு நேரா இங்கதான் வருவார்."

"நல்ல சேதி சொல்லுங்க அவருக்கு," என்றான் கொழுந்தன், வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியபடி. வண்டி வழக்கம்போல் முரண்டு பிடித்தது.

கணக்கம்மா கணவர் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து அவருடைய தோளருகே மூச்சை இழுத்தார். பிறகு இன்னொரு தடவை, இன்னும் நெருங்கி. அந்த மனிதர் வெட்கத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம் இங்க வாங்க."

கொழுந்தன் போனான்.

"அவர் சட்டையில வாடை வருதா?"

பக்கத்தில் போகவே தேவையிருக்கவில்லை. இரண்டடி தள்ளியே அந்தப் பழம் அழுகிக்கொண்டிருந்தது. கொழுந்தனின் வாயில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். இப்போதும் இருந்தது. அதை அப்படியே விழுங்கினான்.

"வருதுங்க," என்றான்.

"அஞ்சுக்கு எவ்வளவு?"

அவன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலுங்க."

கணக்கம்மா தலையசைத்தார், பலகையில் ஓர் எண்ணை எழுதுபவர் போல. "கல்யாணமான புதுசுல வரும். தினமும் துவைச்சுத் துவைச்சுப் பார்ப்பேன். அப்புறம் நின்னு போச்சு. சோப்பை மாத்தினோம், அதனாலதான்னு இருந்தேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இவரால பொத்தான் போட முடியாதுன்னு நான்தான் தினம் காலையில போட்டு விடறேன் தம்பி. இவ்வளவு கிட்ட நின்னு."

அவர் கணவர் ஒன்றும் புரியாமல், "என்னாச்சு? எதுக்கு அழுவுற?" என்றார்.

கணக்கம்மா காலையில் தான் போட்டுவிட்ட மேல் பொத்தானை அந்தத் தெருவிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, கழற்ற ஆரம்பித்தார்.